கஞ்சி போர்டில் என் பெயர் இல்லை

போன ரமளானில் 17ஆம் நோன்புக் கஞ்சி என் பொறுப்பு. எங்கள் பள்ளிவாசலில் வழக்கம் இதுதான்: அரசாங்கம் பச்சரிசி தந்துவிடும். மற்றபடி பாசிப்பருப்பு, கைமா, தேங்காய், இஞ்சி பூண்டு, மல்லி புதினா, விறகு, கஞ்சி காய்ச்சுகிறவர் கூலி என்று ஒரு நாளுக்கு ஆகும் செலவைக் கமிட்டியில் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், நாம் ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 27ஆம் நோன்பு கிடைக்கவே கிடைக்காது, அது பரம்பரைச் சொத்து மாதிரி ஒரே குடும்பத்தில் இருக்கிறது. 17 பத்ருப் போர் நடந்த நாள் என்பதால் அதுவும் லேசில் அமையாது. எனக்கு அமைந்தது. அமைந்ததை நினைத்து ரமளானுக்கு முந்தின ஷஅபான் மாதம் முழுக்க நான் உள்ளூரப் பூரித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு போர்டு உண்டு. 'இன்றைய கஞ்சி அன்பளிப்பு' என்று மேலே பெயிண்டில் நிரந்தரமாக எழுதி, கீழே சாக்பீஸில் அன்றைக்குக் கொடுத்தவர் பெயரை எழுதுவார்கள். சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் போனபோது பார்த்தேன். முந்தின நாள் கொடுத்தவர் பெயரே இருந்தது. சரி, இன்னும் எழுதவில்லை போல என்று தொழப் போனேன். தொழுதுவிட்டு வந்தும் பார்த்தேன், அதே பெயர். தூக்குவாளியும் கையுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், என் கஞ்சியை வாங்கிக்கொண்டு போகிறார்கள், தலைக்கு மேலே 16ஆம் நோன்புக்காரர் பெயர் ஜம்மென்று இருக்கிறது. பாங்கு சொல்லும் மோதினாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அரை நிமிடத்தில் அழித்து எழுதிவிடுவார். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் கண்ணில் படுகிற மாதிரி போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'கஞ்சி அருமையா வந்திருக்கு பாய்' என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் எழுதவில்லை!

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தது.

"கஞ்சி எல்லாருக்கும் பத்துச்சா?"

"பத்துச்சு. மிச்சமே இருந்துச்சு."

"அப்புறம் யாருக்கு என்ன கொறஞ்சுச்சாம்?"

எனக்குக் குறைந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் குறைந்திருந்தது. அன்றைக்கு நோன்பு திறந்தபோது அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கவே இல்லை.

மறுநாள் யோசித்தபோதுதான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. போர்டில் என் பெயர் வந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்பதுதான் விஷயம். பார்த்திருப்பேன், ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பேன், அல்லாஹ்வுக்காகவே செய்தேன் என்ற நம்பிக்கையோடு படுத்துத் தூங்கியிருப்பேன்.

இமாம் கஸ்ஸாலி ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, பெயர் சொல்லாமல் எழுதியிருப்பார். முப்பது வருடம் முதல் ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நின்று தொழுத ஒருவர் ஒருநாள் ஏதோ காரணத்தால் தாமதமாக வந்து இரண்டாவது ஸஃப்பில் நிற்க வேண்டியதாகிவிட்டது. ஜனங்கள் பார்க்கிறார்களே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைக் கவனித்தவர், அப்படியானால் இத்தனை வருடம் முதல் ஸஃப்பில் எனக்கிருந்த மனநிறைவு ஜனங்கள் என்னைப் பார்த்ததால் வந்ததுதான் என்று கண்டுகொண்டு, முப்பது வருடத் தொழுகையையும் திரும்பத் தொழுதாராம். நான் கஞ்சியைத் திரும்பக் காய்ச்சவில்லை. அந்த அளவுக்கு நல்லவன் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது ஸஃப் எனக்கு எது என்று தெரிந்துவிட்டது.

நிய்யத் (எண்ணம்) பற்றிய ஹதீஸை, அதாவது நபிமொழியை, மதரஸாவில் அலிஃப் பே முடித்த கையோடு மனப்பாடம் செய்தவர்கள் நாம். செயல்கள் எல்லாம் எண்ணத்தைப் பொறுத்தவை, அவரவர் எண்ணியதே அவரவருக்கு. உமர் (ரலி) வழியாக வருவது. ஸஹீஹ் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் முதல் ஹதீஸ், நவவி இமாம் தொகுத்த நாற்பதிலும் முதல் ஹதீஸ். இதில் ஒரு விஷயத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். அந்த ஹதீஸின் பின்பகுதி இரண்டு பேரைப் பற்றியது: அல்லாஹ்வுக்காகவும் ரஸூலுக்காகவும் (இறைத்தூதருக்காகவும்) ஊரை விட்டுக் குடிபெயர்ந்து ஹிஜ்ரத் செய்தவர், துன்யாவுக்காகவோ (இவ்வுலக ஆதாயத்துக்காகவோ) ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ ஹிஜ்ரத் செய்தவர். புகாரியில் இந்த ஹதீஸ் 7 இடங்களில் வருகிறது. ஆனால் நூலின் முதல் ஹதீஸாக வரும் இடத்தில் மட்டும் அல்லாஹ்வுக்காக ஹிஜ்ரத் செய்தவரைப் பற்றிய வரி இல்லை, துன்யாவுக்காகப் போனவர் மட்டும்தான் இருக்கிறார். ஏன் என்று உரையாசிரியர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். அதில் ஒன்று, நூலைத் தொடங்கும்போதே 'நான் தூய எண்ணத்தோடு தொடங்குகிறேன்' என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடக்கூடாது என்று புகாரி இமாம் கூசியிருக்கலாம் என்பது. இது உறுதியான காரணமா இல்லையா என்பதை ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு இந்தக் கூச்சம் பிடித்திருக்கிறது.

ஹிஜ்ரத்தை உதாரணமாகச் சொன்னதுதான் அந்த ஹதீஸின் கூர்மை. 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனவர்கள் வீடு வாசல், தோட்டம் துரவு, சொந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 400 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தில் நடந்தவர்கள். அதில் ஒருவர் கல்யாண ஆசையில் நடந்திருந்தால் அவருக்கும் அதே வெயில்தான், கால் கொப்புளமும் அதேதான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். உம்மு கைஸ் என்ற பெண்ணை மணக்க ஹிஜ்ரத் செய்த ஒருவரைக் குறித்துத்தான் இந்த ஹதீஸ் சொல்லப்பட்டது என்று பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) கேட்டிருப்பீர்கள், நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உம்மு கைஸ் கதை தனியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, இந்த ஹதீஸுக்கு அதுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இப்னு ரஜப் போன்ற ஹதீஸ் அறிஞர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். யாரோ ஒருவரைக் காட்டி 'அந்த ஆளைச் சொன்னது' என்று முடித்துக்கொண்டால் நமக்கும் வசதிதானே.

இன்னொன்று. துன்யாவுக்காகப் போனவர் தண்டிக்கப்படுவார் என்று அந்த ஹதீஸ் சொல்லவில்லை. அவர் எதை நாடிப் போனாரோ அவருடைய ஹிஜ்ரத் அதற்குத்தான், அவ்வளவே. கேட்டது கிடைக்கும், கணக்கு முடிந்தது. நான் கேட்டது போர்டில் பெயர். அதுகூடக் கிடைக்கவில்லை.

தண்டனையைப் பற்றிப் பேசும் ஹதீஸ் வேறு இருக்கிறது, ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் வருவது. அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது. மறுமையில் முதலில் தீர்ப்பு வழங்கப்படுகிறவர்கள் மூன்று பேர்: போரில் இறந்தவர், இல்மை (மார்க்க அறிவை)க் கற்றுக் கொடுத்துக் குர்ஆன் ஓதியவர், பணத்தை அள்ளிக் கொடுத்தவர். மூவரும் உனக்காகத்தான் செய்தேன் என்கிறார்கள். வீரன் என்று சொல்லப்படுவதற்காகச் செய்தாய், ஆலிம் என்று, காரி (குர்ஆன் ஓதுபவர்) என்று, கொடைவள்ளல் என்று சொல்லப்படுவதற்காகச் செய்தாய், 'சொல்லப்பட்டுவிட்டது' என்று பதில் வருகிறது. நரகத்தைவிட அந்த 'சொல்லப்பட்டுவிட்டது'தான் என்னைப் பயமுறுத்துகிறது. கூலியை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் போய் வரிசையில் நிற்கிற மாதிரி. திர்மிதி என்ற இன்னொரு தொகுப்பில் வரும் அறிவிப்பில், இதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே அபூஹுரைரா (ரலி) திரும்பத் திரும்ப மயங்கிப் போனதாக இருக்கிறது. திருடனும் குடிகாரனும் இல்லை பாருங்கள், மூன்று பேரும் நம் ஊரில் இருந்தால் பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர்கள்.

சரி, கஸ்ஸாலி இமாமுக்கு வருகிறேன். இந்தப் பதிவே அவரைப் பற்றி எழுதத்தான் நினைத்தேன், கஞ்சி முந்திக்கொண்டது.

1058இல் தூஸில் பிறந்தவர். 1091இல், 33 வயதிலேயே பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியர். நியமித்தவர் ஸல்ஜூக் அரசின் வஸீர் (தலைமை அமைச்சர்) நிஜாமுல் முல்க். அந்தக் காலத்தில் அதற்கு மேலே ஒரு ஆலிமுக்குப் பதவி கிடையாது. வகுப்பில் 300 மாணவர்கள். கலீஃபாவின் அரண்மனையில் செல்வாக்கு. இந்த உச்சத்தில் இருக்கும்போது அவர் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார்: நான் எதற்காகப் பாடம் நடத்துகிறேன்? பதில் அவருக்கு உவப்பாக இல்லை. அல்லாஹ்வுக்காக இல்லை, அந்தஸ்துக்கும் பெயர் பரவுவதற்கும்தான் என்று தெரிகிறது. இதைப் பின்னாளில் தன் கதையாகச் சின்ன நூல் ஒன்றில் அவரே எழுதியிருக்கிறார். தொழுகையில் பராக்குப் பார்த்தேன் என்பது மாதிரியான சில்லறை ஒப்புதல் இல்லை இது. உலகம் அவரை மெச்சுவதே எதற்காகவோ அந்த வேலையே கெட்டுப்போனது என்கிறார்.

தெரிந்தவுடன் எழுந்து போய்விட்டாரா என்றால் இல்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கிறது. ஹிஜ்ரி 488 (1095) ரஜபில் ஆரம்பித்து ஏறக்குறைய ஆறு மாதம் இழுபறி. ஒரு காலை எடுத்து முன்னால் வைப்பேன், இன்னொன்றைப் பின்னுக்கு இழுப்பேன் என்கிறார். காலையில் ஆகிரத்தின் (மறுமையின்) மேல் ஆசை சுத்தமாக வரும், சாயங்காலம் துன்யாவின் ஆசைகள் படையெடுத்து வந்து அதைக் கலைத்துவிடும். புறப்படு, ஆயுளில் மிச்சம் கொஞ்சம்தான், போகிற வழி நீளம் என்று ஒரு குரல். இது தற்காலிக மனநிலை, சீக்கிரம் போய்விடும், யாரும் போட்டிக்கு வராத இந்த இடத்தை விட்டுவிட்டால் பிறகு நீயே திரும்பி வர ஆசைப்பட்டாலும் கிடைக்காது என்று இன்னொரு குரல். வேலையை விடலாமா வேண்டாமா என்று ரியாத்தில் நாலு வருடம் தள்ளிப்போட்ட எனக்கு இந்த இரண்டாவது குரலை நன்றாகத் தெரியும். அந்தக் குரல் எப்போதும் நியாயமாகவே பேசும்.

கடைசியில் அவருடைய உடம்பு முடிவெடுத்தது. நாக்கு பூட்டிக்கொண்டது. வந்து உட்கார்ந்திருக்கிற மாணவர்களின் மனம் நோகாமல் ஒருநாளாவது பாடம் நடத்திவிடலாம் என்று முயன்றிருக்கிறார், ஒரு சொல் வரவில்லை. அந்த வேதனையில் சாப்பாடு இறங்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர்கூட. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் உண்டாகி உடம்புக்கு இறங்கியது, உள்ளே இருக்கிற கவலை தீராமல் மருந்து கேட்காது என்று கைவிட்டுவிட்டார்கள்.

அப்புறம் கிளம்பினார், அதுவும் நேராக இல்லை. மக்காவுக்குப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு ஷாமுக்கு (சிரியா பக்கம்) போகத் திட்டம். திரும்பி வரமாட்டேன் என்று தெரிந்தால் கலீஃபாவும் நண்பர்களும் விடமாட்டார்கள் என்ற பயம். இக்லாஸை (தூய எண்ணத்தை)த் தேடிப் போகிற மனிதர் மறைத்துச் சொல்லிவிட்டுப் போகிறார், அதையும் ஒளிக்காமல் எழுதிவைக்கிறார். குடும்பத்துக்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு டமாஸ்கஸ் பெரிய பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்க இருப்பாராம். அங்கிருந்து பைத்துல் முகத்தஸ் (ஜெருசலேம்), அங்கேயும் குப்பத்துஸ் ஸக்ரா என்ற குவிமாடக் கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்புறம் ஹஜ்.

அவர் போன பிறகு பாக்தாத்தில் என்ன பேசினார்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ஒரு ஆலிம் தீனுக்காக (மார்க்கத்துக்காக) அந்தப் பதவியை விடுவார் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை. ஏனென்றால் அந்தப் பதவிதான் தீனிலேயே உயர்ந்த இடம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் இருந்தவர்கள், ஆட்சியாளர்களுக்குப் பயந்து ஓடிவிட்டார் என்றார்கள். பக்கத்தில் இருந்து ஆட்சியாளர்கள் கெஞ்சியதைப் பார்த்தவர்களுக்கு அதையும் சொல்ல முடியவில்லை, அதனால் இது இஸ்லாமியச் சமூகத்தின் மேல் விழுந்த கண்ணேறு என்று முடித்துக்கொண்டார்கள். நம் ஊர் டீக்கடை மாதிரியே இருக்கிறது.

சரித்திர ஆசிரியர்கள் இன்றைக்கும் விடவில்லை. அவரை நியமித்த நிஜாமுல் முல்க் 1092இல் கொல்லப்பட்டார், அதன்பின் அரசியல் கொந்தளிப்பு, அந்தப் பயமும் அவர் கிளம்பியதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. 900 வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு மனிதர் வேலையை விட்ட காரணத்தை அவரே எழுதி வைத்தும் இன்னும் வழக்கு முடியவில்லை. இருக்கலாம், பயமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு காரணத்துக்காக மனிதன் எதைச் செய்திருக்கிறான்?

1106இல் அவர் திரும்பவும் பாடம் நடத்த நிஷாபூர் நிஜாமிய்யாவுக்குப் போனார். ஊர் வாய் அதற்கும் ஏதாவது சொல்லியிருக்கும். அவர் சொல்வது: வெளியில் பார்த்தால் நான் பழைய வேலைக்கே திரும்பிய மாதிரி இருக்கும், ஆனால் திரும்பவில்லை. அன்றைக்கு அந்தஸ்தைச் சம்பாதித்துத் தரும் கல்வியைச் சொல்லிக் கொடுத்தேன், இன்றைக்கு அந்தஸ்தைக் கைவிட வைக்கும் கல்வியைச் சொல்லிக் கொடுக்கிறேன், என் எண்ணம் இதுதான், அல்லாஹ் அறிவான். போய்ச் சேர்வேனா வழியிலேயே நின்றுவிடுவேனா தெரியாது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதே தொழில், அதே மாதிரி மதரஸா, எதிரே மாணவர்கள். இடையில் 11 வருடம். 1111இல் தூஸிலேயே வஃபாத்தானார்.

நம்மில் சிலருக்கு இந்தக் கதை வேறு மாதிரி ஏறிவிடுகிறது. ரியா, அதாவது பிறர் மெச்சுவதற்காகச் செய்யும் எண்ணம், வந்துவிடும் என்று பயந்து நல்ல காரியத்தையே விட்டுவிடுவது. என் மச்சான் ஒருத்தர் இருக்கிறார், நல்ல கிராஅத், அழகாகக் குர்ஆன் ஓதுவார். ரமளானில் தராவீஹ் தொழுகைக்கு இமாமாக நிற்கக் கூப்பிட்டால் மாட்டேன் என்பார், பெருமை வந்துவிடுமாம். அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: மனிதர்களுக்காகச் செய்வது ஷிர்க் (இணைவைத்தல்) என்றால் மனிதர்களுக்காக விடுவதும் ரியாதான். பார்க்கிறார்களே என்று செய்தாலும் பார்க்கிறார்களே என்று விட்டாலும் மனசு ஜனங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. கஸ்ஸாலியும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். வீட்டில் தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) தொழாதவர், தஹஜ்ஜுத் தொழுகிறவர்களோடு ஓரிடத்தில் தங்கும்போது எழுந்து தொழுகிறார், அது ரியாவா? உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதே என்கிறார். வீட்டில் மெத்தை இருந்தது, பெண்டாட்டி பிள்ளை இருந்தார்கள், தூக்கம் அமுக்கியது, இங்கே அந்தத் தடைகள் இல்லை, அதனாலும் எழுந்திருக்கலாம். அவர்கள் உன்னைப் பார்க்க முடியாதபடி நடுவில் ஒரு திரை, நீ மட்டும் அவர்களைப் பார்க்கிறாய், அப்போதும் எழுந்து தொழுவாயா? தொழுவாய் என்றால் தொழு, ஷைத்தான் பேச்சைக் கேட்காதே. இந்தத் திரையை நான் ரமளானில் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். சில நாள் தேறுகிறேன்.

குர்ஆனும் இதில் நம்மைவிட இளக்கமாக இருக்கிறது. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதுதான், மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது அல்பகரா அத்தியாயம், 271ஆம் ஆயத் (வசனம்). போர்டு ஹராம் இல்லை என்று எனக்குள் இருக்கிற வக்கீல் இந்த ஆயத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டினான். உண்மையும்கூட, ஒருவர் பெயரைப் பார்த்து நான்கு பேர் அடுத்த வருடம் நாள் கேட்கிறார்கள். நல்லது செய்கிறவரை ஜனங்கள் புகழ்ந்தால் என்ன என்று அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் ஒரு கேள்வி வருகிறது, அது மூமினுக்கு முன்கூட்டியே கிடைக்கிற நற்செய்தி என்று நபி (ஸல்) சொல்கிறார்கள். புகழ் வந்து சேர்வது வேறு, புகழை எதிர்பார்த்துப் போர்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பது வேறு.

துன்யாவை ஆசைப்படுவதே குற்றம் என்கிற மாதிரியும் சில பயான்களில் பேசிவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. நான் ஸவூதிக்குப் போனது ரியாலுக்காக. தங்கச்சி கல்யாணக் கடன், வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும், இவ்வளவுதான் நிய்யத். போன இடத்தில் ஹஜ் வாய்த்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், வயல் விற்று ஹஜ்ஜுக்குப் போனவர், ஊருக்கு வந்திருந்த என்னைப் பார்த்து, 'நீ வேலைக்குப் போன இடத்துல ஓரமா செஞ்ச ஹஜ்ஜுதானப்பா' என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், எனக்குத் தைத்துவிட்டது. ரொம்ப வருடம் அந்த ஹஜ்ஜை நானே இரண்டாந்தரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஹஜ்ரத் அல்பகரா 198ஐ எடுத்துக் காட்டினார். உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் மூன்றும் இஸ்லாத்துக்கு முந்தைய ஜாஹிலிய்யாக் காலத்திலிருந்தே இருந்த சந்தைகள், ஹஜ் காலத்தில் அங்கே வியாபாரம் செய்வது பாவமாகுமோ என்று ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) தயங்கியபோது, உங்கள் ரப்புடைய அருளை நீங்கள் தேடுவதில் குற்றம் இல்லை என்று இறங்கிய ஆயத் அது. ஹஜ்ஜுக்கு வந்தவர் வியாபாரம் செய்யலாம். ஜும்ஆ தொழுதவர் கலைந்து போய்ச் சம்பாதிக்கலாம். துன்யாவிலும் ஹஸனா (நன்மை), ஆகிரத்திலும் ஹஸனா என்றுதான் தினமும் துஆ கேட்கிறோம். மனைவி வாயில் ஊட்டும் கவளத்துக்கும் கூலி உண்டு என்று ஸஅத் இப்னு அபீவக்காஸிடம் (ரலி) சொல்லப்பட்டிருக்கிறது, அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடினால். அப்படியானால் ரியாத்தில் 50 டிகிரி வெயிலில் நான் நின்றதும் ஒரு கணக்கில் சேரலாம், தங்கச்சிக்காகத்தானே நின்றேன். நிற்கும்போது அப்படி நினைத்தேனா என்பது வேறு கேள்வி. சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

மஅன் இப்னு யஸீத் (ரலி) கதை இதில் எனக்கு மிகவும் பிடித்தது. அவருடைய அத்தா யஸீத் (ரலி) தர்மம் கொடுக்கச் சில தீனார்களை எடுத்துப் போய்ப் பள்ளியில் ஒருவரிடம் வைத்துவிட்டு வருகிறார், தேவைப்பட்டவருக்குக் கொடுங்கள் என்று. மகன் போய் அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அத்தாவுக்குக் கோபம், உனக்கு என்று நினைத்து நான் வைக்கவில்லையே என்கிறார். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் போகிறது. தீர்ப்பு: யஸீதே, நீர் எண்ணியது உமக்கு. மஅனே, நீ எடுத்தது உனக்கு. பணம் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை, தர்மம் போய்ச் சேர்ந்துவிட்டது. புகாரியில் இருக்கிறது. என் கதை இதற்கு நேர் எதிர். கஞ்சி முழுக்கப் போய்ச் சேர்ந்தது, பணம் கொடுத்தவன் மட்டும் இன்னும் போர்டு முன்னால் நிற்கிறான்.

இப்போது போர்டு எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் எப்படி முடிப்பது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவை உம்ராவுக்குக் கூட்டிப் போனேன். கஃபாவைப் பார்த்ததும் அம்மா அழுதது, நான் போட்டோ எடுத்தேன். அழுகிற அம்மா, பின்னால் கஃபா, நல்ல வெளிச்சம். 'உங்கள் அனைவருக்கும் துஆ செய்தேன்' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன். அப்போது ஒருவருக்கும் துஆ செய்திருக்கவில்லை, போட்டுவிட்டுத்தான் செய்தேன். இஷாவுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஊருக்கு வந்த பிறகு வெட்கப்பட்டு, இனிமேல் இதெல்லாம் போடுவதில்லை என்று முடிவு செய்து, அப்படியே இருந்தேன். இருந்ததோடு விட்டேனா? 'நான் ஸ்டேட்டஸ் எல்லாம் போடுறதில்ல, அதெல்லாம் ஒரு ரியா' என்று குறைந்தது பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். என் எண்ணத்தைப் போல எனக்கு வைத்தியம் பார்க்கக் கஷ்டமானது எதுவும் இல்லை, அது புரண்டுகொண்டே இருக்கிறது என்று ஆரம்பகாலப் பெரிய இமாம்களில் ஒருவரான ஸுஃப்யான் அஸ்ஸவ்ரி (ரஹ்) சொன்னதாக வருகிறது. அவருக்கே அப்படியென்றால்.

மற்றவர்கள் விஷயத்தில் நமக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வருவதே இல்லை. ஃபேன் இறக்கையில் பெயர் எழுதிக் கொடுத்தவரைப் பார்த்தால் விளம்பரம் என்கிறோம். தாடி வைத்தவன் வியாபாரத்துக்கு வைத்தான் என்கிறோம். ஸைனுல் ஆபிதீன் (ரஹ்), ஹுஸைன் (ரலி) அவர்களின் மகன், மதீனாவில் ராத்திரி வேளையில் மாவு மூட்டையை முதுகில் தூக்கிப் போய் ஏழைகள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவாராம். யார் வைத்தது என்று அந்த வீடுகளுக்குத் தெரியாது. அவர் இறந்த பிறகு மூட்டை வருவது நின்றதும்தான் தெரிந்தது, குளிப்பாட்டியவர்கள் முதுகில் தழும்பைப் பார்த்தார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அவரைக் கஞ்சன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் உண்டு என்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்து எங்கள் தெருவில் நான் கஞ்சன் என்று முடிவு கட்டி வைத்திருக்கிற இரண்டு பேரை நினைத்துக்கொள்கிறேன். ஒருத்தர் நிஜமாகவே கஞ்சன்தான் என்று இப்போதும் தோன்றுகிறது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

இந்த வருடம் திரும்பவும் கஞ்சிக்கு நாள் கேட்டேன். 17 கிடைக்கவில்லை, 9 கிடைத்தது. 9க்கு ஒரு விசேஷமும் கிடையாது. பணத்தைக் கட்டும்போது மோதினார் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, 'போன வருசம் ஒங்க பேரு விட்டுப்போச்சு பாய், இந்தத் தடவ முன்கூட்டியே குறிச்சுக்கிறேன்' என்றார். ஒரு வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறார் மனுஷர். பெயர் வேண்டாம் என்றேன். சும்மா விடக்கூடாது, வெறும் போர்டாக இருந்தால் கமிட்டியில் கேட்பார்கள் என்றார். கடைசியில் 'பெயர் சொல்ல விரும்பாத சகோதரர்' என்று எழுதுவதாக முடிவானது.

9ஆம் நோன்பு அஸருக்குப் போனேன். எழுதியிருந்தார்கள், நல்ல கையெழுத்தில், பெரிதாக. தொழுதுவிட்டு வந்தும் ஒருமுறை பார்த்தேன். மற்றவர்கள் பெயரைவிட அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்ரிபுக்கு முன்னால் கஞ்சிக் கோப்பையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருத்தர் போர்டைக் காட்டி, "யாருன்னு தெரியலையே" என்றார். மற்றவர் குரலைத் தாழ்த்தி, "தெரியாதா? மலேசியாவுலேர்ந்து வந்திருக்காரே நம்ம மேலத்தெரு பாய், அவருதான். அவரு எப்பவுமே இப்புடித்தான், வெளிய காட்டிக்க மாட்டாரு" என்றார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பாங்கு சொன்னார்கள். கையில் இருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.